தான் தோண்டிய குழி

லோட் ரன்னர் என்ற வீடியோ ஆட்டத்தில் குதிக்க முடியாது. காலுக்கு நேர் கீழே இருக்கும் செங்கல்லைத் தோண்டவும் முடியாது. இடது பக்கத்துக் கல், வலது பக்கத்துக் கல், இரண்டில் ஒன்றைத்தான் தோண்டலாம். தோண்டிய குழி சில விநாடிகளில் தானாக மூடிக்கொள்ளும். மூடும்போது உள்ளே எதிரி இருந்தால் அவன் கதை முடிந்தது. ஆடுபவன் இருந்தால் ஆடுபவன் கதை. மற்றபடி ஏணிகள், குறுக்கே தொங்கும் கம்பிகள், அங்கங்கே தங்கப் பொதிகள், துரத்தி வரும் காவலர்கள். பொதிகளையெல்லாம் எடுத்துவிட்டால் உச்சிக்குப் போக ஓர் ஏணி முளைக்கும். அதில் ஏறினால் அடுத்த கட்டம்.

விதி இவ்வளவுதான். வினை எங்கே என்றால், மூன்று அடுக்குக் கல்லுக்குக் கீழே ஒரு பொதி கிடக்கும். நேராகத் தோண்ட வழியில்லாததால் மேல் அடுக்கில் அடுத்தடுத்து மூன்று கற்களைத் தோண்ட வேண்டும். இறங்கி, அதற்குக் கீழே இரண்டு. இன்னும் இறங்கி, கடைசியாக ஒன்று. இதற்குள் முதல் குழி மூடத் தொடங்கியிருக்கும். அடித்துப் பிடித்துப் பொதியை எடுத்த பிறகுதான் கண்ணில் படும், அந்த அறைக்கு ஏணியே கிடையாது என்பது. சுற்றிலும் தோண்ட முடியாத கான்கிரீட். காவலனும் உள்ளே வர முடியாது, ஆடுபவனும் வெளியே போக முடியாது. நேரம் ஓடிக்கொண்டிருக்கும், இசை ஒலித்துக்கொண்டிருக்கும், யாரும் சாக மாட்டார்கள். செத்துத்தான் ஆக வேண்டும் என்பதால், உயிரை விட்டுக் கட்டத்தைத் திரும்பத் தொடங்க மூல ஆட்டத்தில் ஒரு விசையே வைத்திருந்தார்கள்.

1983-இல் இந்த ஆட்டத்தை அமெரிக்காவின் ப்ரோடர்பண்ட் நிறுவனம் ஆப்பிள் கணினிக்கு வெளியிட்டது. எழுதியவர் டக்ளஸ் ஸ்மித், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்துக்கொண்டிருந்தவர். அதில் 150 கட்டங்கள். கூடவே, ஆடுபவரே புதுக் கட்டங்களை அமைத்துக்கொள்ள ஒரு வசதியும் இருந்தது. அந்தக் காலத்தில் அது அபூர்வம். ஸ்மித் தம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கட்டங்களைப் போடச் சொன்னார் என்பது ஆட்டத்தின் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. சின்னப் பிள்ளைகள் போட்ட புதிர் என்பதால் எளிதாக இருக்கும் என்று நினைப்பவர்கள், சின்னப் பிள்ளைகள் எப்படி ஆளை வைத்து விளையாடுவார்கள் என்பதை மறந்தவர்கள்.

அடுத்த வருடம் ஜூலையில் ஜப்பானின் ஹட்சன் நிறுவனம் அதை நின்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டிக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெட்டிக்கு வெளியார் செய்த முதல் ஆட்டங்களில் ஒன்று அது. கட்டங்கள் 50 ஆகக் குறைந்தன. முழுக் கட்டமும் திரையில் ஒரே பார்வையில் தெரியாமல் பக்கவாட்டில் நகர்ந்தது. அதாவது, திரைக்கு அப்பால் நிற்கும் காவலனை மனதுக்குள் வைத்துக்கொண்டு ஆட வேண்டும். அந்த ஃபாமிகாமின் சர்க்யூட்டைத் தைவானிலும் சீனாவிலும் நகலெடுத்தார்கள். நகல்கள் உலகம் சுற்றின. தொண்ணூறுகளில் மதுரைக்கும் வந்தன.

இந்தியாவில் சாமுராய் என்ற பெயரில் உரிமம் பெற்ற பெட்டி விற்றது. மீடியா நிறுவனத்தின் லிட்டில் மாஸ்டர் விற்றது. பிறகு பெயரே இல்லாத பெட்டிகள், அல்லது பெட்டிக்கொரு பெயர். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் மீனாட்சி பஜாரில் டார்ச் லைட், கால்குலேட்டர், வாக்மேன் நடுவே அவை அடுக்கியிருந்தன. ஊரில் அதற்கு டிவி கேம் என்று பெயர், இல்லாவிட்டால் வெறும் வீடியோ கேம். ஆட்டம் இருக்கும் பிளாஸ்டிக் வில்லைக்குக் கேசட். அதன் லேபிளில் 9999 ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உள்ளே நாலோ பத்தோ இருபதோ இருக்கும். அதே மாரியோவை இரண்டாம் கட்டத்திலிருந்து, ஐந்தாம் கட்டத்திலிருந்து என்று பிரித்துப் பிரித்துப் பட்டியலில் ஏற்றியிருப்பார்கள். இந்த மோசடியைக் கண்டு கொதித்த சிறுவர்கள் குறைவு. பட்டியலின் எழுபத்தெட்டாம் பக்கத்தில் ஏதாவது புதிதாக இருக்கக்கூடும் என்று விடாமல் தட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம்.

கேசட்டோடு வராதது ஒன்று உண்டு: கையேடு.

அது பெரிய விஷயம். ஜப்பானில் ஒவ்வோர் ஆட்டத்துடனும் அச்சிட்ட கையேடு கொடுத்தார்கள். 1985 முதல் ஃபாமிகாமுக்கென்றே பத்திரிகை வந்தது. அமெரிக்காவில் 1988-இல் நின்டெண்டோ பவர் இதழ் தொடங்கியது. கட்டங்களின் வரைபடம், ரகசிய வழி, எதிரியின் பலவீனம் எல்லாம் அதில் வண்ணப் படங்களாக அச்சாகின. அதிலும் தீராவிட்டால் தொலைபேசியில் கூப்பிடலாம். வழி சொல்வதற்கென்றே நிறுவனம் ஆட்களைச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்திருந்தது. இப்படி நான்கு ஊன்றுகோல்கள் பக்கத்தில் இருக்கும் என்று நம்பி அளந்து வைக்கப்பட்ட கடினம் அது. மதுரையின் மேலமாசி வீதிக்கும் செல்லூருக்கும் அனுப்பானடிக்கும் வந்து சேர்ந்தபோது ஊன்றுகோல் ஒன்றுகூட இல்லை. கடினம் மட்டும் முழுசாக வந்தது.

அந்தக் கடினத்துக்குக் காரணம் கலை மட்டுமல்ல, கஞ்சத்தனமும்தான். முழு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டமும் 40 கிலோபைட். காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் ரோஜாப்பூ வணக்கம் ஒன்று அதைவிடப் பெரியது. நினைவகம் விலை உயர்ந்ததாக இருந்த 1985-இல் அவ்வளவில்தான் ஓர் உலகத்தைக் கட்ட முடிந்தது. வழி தெரிந்த கைகாரர்கள் அந்த உலகத்தை இன்று ஐந்து நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறார்கள். ஐந்து நிமிடச் சரக்கை ஐந்து மாதம் ஓட்ட வேண்டும் என்றால், ஆடுபவன் செத்துச் செத்துத் திரும்ப வர வேண்டும். அதற்கு முன்பிருந்த காசு போட்டு ஆடும் எந்திரங்களில் சாவுக்கு நேரடி வரும்படி உண்டு. ஒவ்வொரு சாவுக்கும் இன்னொரு நாணயம். வீட்டுப் பெட்டிக்கு வந்த பிறகு நாணயம் போனது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. மதுரையில் மணிக்கணக்கில் வாடகை வாங்கிய கேம் கடைகளில், அறியாமலே அந்தப் பழைய வணிகம் உயிர்த்தெழுந்தது.

மாரியோவைப் பற்றிச் சொல்லும்போது 7-4 பற்றிச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஏழாவது உலகத்தின் கோட்டை அது. வழி மேலும் கீழுமாகக் கிளை பிரியும். சரியான கிளைகளைச் சரியான வரிசையில் எடுத்தால்தான் முன்னே போகலாம். தவறினால் அதே நடை, அதே சுவர், அதே நெருப்பு திரும்ப வரும். சரி என்றும் சொல்லாது, தப்பு என்றும் சொல்லாது. கோட்டை ரொம்ப நீளம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஓடுகிற சிறுவன் நேரம் தீர்ந்து சாவான். 4-4 இதற்கு ஒத்திகை; 8-4 இதற்கும் மேல், அங்கே தப்பான குழாயில் இறங்கினால் பின்னால் கொண்டுபோய் விட்டுவிடும். ஓடித் தாண்டுகிற ஆட்டம் என்று நம்பி ஏழு உலகம் வந்தவனிடம், இது புதிர் என்று அறிவிக்காமலே புதிர் போடுகிறார்கள். ஆட்டம் முடிந்த பிறகு தலைப்புத் திரையில் ஏ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டைத் தட்டினால், செத்த உலகத்தின் தொடக்கத்திலிருந்தே ஆடலாம் என்ற சலுகையும் உள்ளே இருந்தது. சொல்லத்தான் ஆளில்லை. கடைசி அரக்கனைக் கண்ணால் காணாமலே பத்தாம் வகுப்புக்குப் போனவர்கள் ஒரு தலைமுறை.

கண்டவர்கள் எப்படிக் கண்டார்கள்? கடையில்தான் விடை இருக்கிறது.

கேம் கடை என்பது பெரும்பாலும் ஒரு வீட்டின் முன்னறை, அல்லது எஸ்.டி.டி. பூத்துக்குப் பின்னால் தடுத்த ஓர் இடம். ஒரு டயனோராவோ சாலிடரோ, அதன் முன்னால் ஒரு ஸ்டூல், கையில் வயர் போட்ட ஜாய்ஸ்டிக், சுவரில் கடிகாரம். காசு கொடுத்தவன் உட்கார்ந்திருப்பான். காசில்லாதவர்கள் நாலைந்து பேர் பின்னால் நிற்பார்கள். லோட் ரன்னர் ஓடும்போது பின்னால் நிற்பவர்கள் சும்மா நிற்பதில்லை.

“அங்கிட்டுத் தோண்டாதடா. மேல இருக்கவன் வரட்டும்.”

“வரமாட்டான்ணே.”

“வருவான். நீ ஏணியில ரெண்டு படி ஏறு, அவன் இறங்குவான். பாரு, இறங்குறானா? இப்ப தோண்டு. இங்கிட்டு, இங்கிட்டு!”

அண்ணன் சொன்னது குருட்டு யோசனை இல்லை. லோட் ரன்னரின் காவலர்கள் மனம்போன போக்கில் அலைகிறவர்கள் அல்லர். ஆடுபவன் மேலே நிற்கிறானா கீழே நிற்கிறானா என்பதை வைத்து, வகுத்த விதிப்படி நகர்கிறவர்கள். ஆடுபவன் அசைவதற்கேற்ப அவர்கள் அசைவும் மாறும். இந்த விதி புரிந்துவிட்டால் காவலன் எதிரி அல்ல, எடுபிடி. எட்டாத இடத்துப் பொதியை அவனை எடுத்துவரவைத்து, குழியில் விழவைத்துப் பறித்துக்கொள்ளலாம். குழியில் கிடப்பவன் தலையையே பாலமாக மிதித்துக்கொண்டு அந்தப் பக்கம் போகலாம். திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாத ஆட்டக்காரனுக்கு இது பிடிபட நாளாகும். கை பரபரக்காமல், நெஞ்சு படபடக்காமல், பின்னால் சும்மா நிற்கிறவனுக்குச் சீக்கிரம் பிடிபடும். மதுரைக் கேம் கடையில் கை ஒருவனுடையதாகவும் மூளை ஐந்து பேருடையதாகவும் இருந்ததற்குக் காரணம் தோழமை மட்டுமல்ல. வறுமை ஒரு நல்ல காரியம் செய்தது: ஆடாமல் யோசிக்கிறவர்களை உண்டாக்கியது.

கோயில் மண்டபத்துக் கல்லில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் கீறி, மூன்று புலியும் பதினைந்து ஆடுமாக இருவர் உட்கார்ந்தால் சுற்றி நிற்பவர்களுக்கும் ஆட்டத்தில் பங்குண்டு. “வெட்டக் குடுத்திட்டியேப்பா” என்று முனகாத பார்வையாளர் கிடையாது. கேம் கடையில் நடந்தது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. ஆடுபுலியில் விதி எல்லோருக்கும் முன்பே தெரியும். கேம் கடையில் விதி யாருக்கும் தெரியாது. விதியையே சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கண்டுபிடித்தது ஊர் முழுக்கப் பரவவும் வேண்டும். பரவியது. கான்ட்ரா ஆட்டத்தில் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று தட்டினால் முப்பது உயிர் கிடைக்கும் என்பது இணையம் இல்லாத ஊரில் எட்டாம் வகுப்புப் பையன்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சூத்திரத்தை முதலில் கிரேடியஸ் ஆட்டத்துக்காக 1986-இல் உள்ளே வைத்தவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ. தாம் தயாரித்துக்கொண்டிருந்த ஆட்டம் தமக்கே ஆட முடியாத அளவு கடினமாக இருந்ததால், சோதித்துப் பார்க்க வசதியாக ஒரு குறுக்குவழி போட்டார். வெளியிடும்போது எடுக்காமல் விட்டுவிட்டார். செய்தவருக்கே ஆட முடியவில்லை என்ற செய்தி அன்றைக்கு மதுரைப் பையன்களுக்குத் தெரிந்திருந்தால் எத்தனையோ பேர் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் அடித்திருக்க மாட்டார்கள்.

எல்லாக் கடினமும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். லோட் ரன்னரில் செத்தவனுக்கு ஏன் செத்தோம் என்பது தெரியும். குழி அவன் தோண்டியது. கண்ணுக்குச் செங்கல்லாகத் தெரிந்து கால் வைத்ததும் உள்ளே விழுங்கும் போலிக் கற்கள் சிலவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தால், அது நேர்மையான ஆட்டம். தேவையான எல்லாம் கண்முன்னே இருக்கிறது. மாரியோவின் 7-4 அப்படி அல்ல. அங்கே ஆட்டம் வாயைத் திறக்காமல் இருந்து ஏமாற்றுகிறது. அதற்கும் கீழே ஒரு வகை உண்டு. நடிகரும் இயக்குநருமான டகேஷி கிடானோ பெயரில் 1986-இல் ஜப்பானில் வந்த ஓர் ஆட்டத்தில், ஒரு வரைபடத்தைப் படிக்கும் வழிகளில் ஒன்று, ஒரு மணி நேரம் எந்தப் பொத்தானையும் தொடாமல் காத்திருப்பது. அது கிண்டல் என்று சொல்லிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டு மின்வாரியத்தை நம்பி அந்தக் கிண்டலை ஆடியிருக்க முடியாது.

மின்சாரம் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். அந்தப் பெட்டியில் ஆடுபவன் எவ்வளவு தூரம் வந்தான் என்பதெல்லாம் 2 கிலோபைட் நினைவில் இருக்கும். கரண்ட் போனால் அந்த நினைவும் போகும். பேட்டரி வைத்துச் சேமிக்கும் கேசட்டுகள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்துவிட்டன என்றாலும், பஜாரில் கிடைத்த மலிவுக் கேசட்டில் அதற்கெல்லாம் இடமில்லை. 2006-க்குப் பிறகு தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளைக் கொடுத்தது. 2011-க்குள் மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல். வாடிப்பட்டி, உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அதுவரை டிவி இல்லாத வீடுகளுக்கும் டிவி வந்தது. டிவி இருந்தால் டிவி கேமும் வரும். திருவிழாக் கடையிலேயே கிடைத்தது. சரியாக அதே வருடங்களில்தான் மின்வெட்டும் கூடிக்கொண்டே போனது. 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் சாதாரணம். எட்டாம் உலகத்து வாசலில் நின்றவனை மின்விசிறியோடு சேர்த்து நிறுத்திவிட்டார்கள். ஆட்டத்தை வடிவமைத்த எவரும் இப்படி ஓர் எதிரியைக் கற்பனை செய்யவில்லை. இந்த எதிரிக்கு விதி கிடையாது, படிக்க முடியாது, குழி தோண்டவும் முடியாது.

இந்த ஆட்டங்கள் கடினம் என்பதை வெறும் புலம்பலாக யாரும் ஒதுக்க வேண்டாம். கணிதமும் அதையே சொல்கிறது. கணினியியல் ஆய்வாளர் ஜொவான்னி விலியெட்டா 2012-இல் வெளியிட்ட கட்டுரையில், லோட் ரன்னர் என்.பி-கடினம் என்ற வகையைச் சேர்ந்தது என்று நிரூபித்தார். அதே வருடம் அவரும் எரிக் டிமெய்ன் உள்ளிட்டவர்களும் சேர்ந்து மாரியோவுக்கும் அதையே காட்டினார்கள். எளிமையாகச் சொன்னால், கட்டத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம் என்று வைத்துக்கொண்டால், இதை முடிக்க வழி உண்டா இல்லையா என்று வேகமாகக் கண்டுபிடித்துச் சொல்லும் பொதுவான முறை எதுவும் இதுவரை யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு முறை இருக்கும் என்று நம்புகிறவர்களும் மிகக் குறைவு. பெட்டியில் வந்த ஐம்பது கட்டங்கள் அவ்வளவு பயங்கரமல்ல, மனிதர்கள் முடித்துவிடுகிறார்கள். இருந்தாலும், “இதுல வழியே கிடையாதுண்ணே” என்று எழுந்து போன பையனின் சந்தேகம் மரியாதைக்குரிய சந்தேகம்.

இன்றைக்கு நிலைமை வேறு. 2011-இல் தொடங்கி அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில், பழைய பெட்டியைப் போல நடிக்கும் எமுலேட்டர் ஓடியது; இப்போது கையில் இருக்கும் எந்த ஃபோனிலும் ஓடும். எந்த நொடியிலும் ஆட்டத்தை அப்படியே நிறுத்திச் சேமிக்கலாம். விழுந்தால் சேமித்த நொடிக்குத் திரும்பலாம். நின்டெண்டோவே தன் பழைய ஆட்டங்களைப் புதுக் கருவியில் தரும்போது பின்னோக்கி ஓட்டும் வசதியோடு தருகிறது. தூய்மைவாதிகள் இதைத் திருட்டாட்டம் என்கிறார்கள். அது அவசரத் தீர்ப்பு. 7-4 போன்ற இடங்களில் சேமித்துச் சேமித்து ஆடுவதில் எந்தக் குற்றமும் இல்லை. முதலில் ஏமாற்றியது ஆட்டம்தான். லோட் ரன்னரில் அதே வசதியைப் பயன்படுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முறை சேமித்தால், தோண்டுவதற்கு முன் யோசிக்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. தோண்டுவதற்கு முன் யோசிப்பதைத் தவிர அந்த ஆட்டத்தில் வேறொன்றும் இல்லை. அத்தோடு, ஃபோனில் ஆடுகிறவனுக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை.

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023-இல் நடத்திய ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. ஆனாலும் ஆர்வலர்கள் கேசட்டுகளின் உள்ளடக்கத்தைப் பிரதி எடுத்து வைத்திருப்பதால், லோட் ரன்னரும் மாரியோவும் அழிந்துவிடப் போவதில்லை. அழியப் போவது இங்கே அவை எப்படி ஆடப்பட்டன என்ற செய்தி. எந்தத் தெருவில் எந்தக் கடை, மணிக்கு எவ்வளவு, கரண்ட் போனால் மீதி நேரத்துக்கு என்ன கணக்கு, லேபிளில் என்ன படம், கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் யார் வரைந்த வரைபடம் என்பதெல்லாம் எந்தப் பிரதியிலும் இல்லை. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்துக்கு ஆதாரமான அகழாய்வுகளில் சுடுமண் வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் தந்தப் பகடையும் கிடைத்தன. அவற்றை வைத்து என்ன விதியில் ஆடினார்கள் என்று எழுதிவைத்தவர் இல்லை.

இந்தத் தலைமுறைக்கு எழுதத் தெரியும். பரணில் கிடக்கும் கேசட்டைப் பழைய இரும்புக்கடைக்குப் போடுவதற்கு முன் அதன் லேபிளை ஒரு படம் எடுத்து வையுங்கள். கேம் கடை நடத்திய பெரியவர்கள் பலர் இன்னும் அதே தெருவில் செராக்ஸ் கடையோ மொபைல் ரீசார்ஜ் கடையோ வைத்திருக்கிறார்கள்; அவர்களிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். கையில் ஜாய்ஸ்டிக் வைத்திருந்தவர்களை மட்டுமல்ல, பின்னால் நின்றவர்களையும் தேடிக் கேளுங்கள்.